கறுத்த கத்திரிக்காயும் சாதிமல்லி வாசமும்

(அணைக்கட்டு வட்டாரத்தில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

மேடையில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களே, வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அம்மா அவர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். சால்வை போர்த்தினீர்கள், நன்றி. வேலூர் வெயிலில் சால்வை என்பது மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை, மடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். செடியின் தற்காப்பு நொதிகள், அவற்றின் மரபணுவை ஹார்மோன் எழுப்பும் விதம், நோய்க்கிருமி வந்தால் சாலிசிலிக் அமிலம் செய்யும் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே பழமொழிதான்: விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

என் அக்கா கல்யாணத்தில் பிரியாணி. நம்ம பக்கம் பிரியாணி என்றால் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லாமல் முடியுமா? சமையல்காரர் ஒரு மூட்டை காயை நறுக்கி, தண்ணீரில் போடாமல் அப்படியே தாம்பாளத்தில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். அங்கே யாரோ அரசியல் பேச, மனுஷன் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா எட்டிப் பார்த்து, "அழுகின காயையா போடப்போறீங்க?" என்று கிளப்பிவிட்டார். காய் முழுக்கக் கறுப்பு. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. எங்கள் பாட்டிதான் வந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். "அழுகல, காத்து பட்ருக்கு. அடுத்த கூடையை மோர்த்தண்ணில நறுக்கிப் போடு" என்றாள். போட்டார்கள், வெள்ளையாகவே இருந்தது. பெரியப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்!

பாட்டி காற்று என்றது சரிதான். கறுக்க வைப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. அது செல்லுக்குள் பசுங்கணிகத்தில், அது கறுக்க வைக்கும் ஃபீனால் என்ற பொருள் வேறு அறையில். கத்தியோ புழுவின் பல்லோ செல்லை உடைத்தால் இரண்டும் கலக்கும், ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கும், புழுவுக்குச் சாப்பாட்டின் சத்து குறையும். புளிப்பு அந்த நொதியை அடக்கும், மோரின் ரகசியம் அதுதான்.

கடிபட்ட செடியில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும். தற்காப்பு மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும் ஜாஸ் என்ற புரதங்கள் அப்போது சிதைக்கப்படும், பூட்டு திறக்கும், நொதி உற்பத்தியாகும். இந்த ஹார்மோனின் ஆவியாகும் மெத்தில் வடிவத்தை 1962-இல் சாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் பிரித்தார்கள், பெண்கள் தலையில் வைக்கும் அதே வாசம். 1990-இல் அமெரிக்காவில் ஃபார்மர், ரயான் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த ஆவி பட்டாலே தக்காளி இலை, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தை உண்டாக்குவதைக் காட்டினார்கள்.

ஆனால் ஒன்று. ஹார்மோன் எழுப்பத்தான் செய்யும், உள்ளே இல்லாததை எழுப்பாது. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பத்திரிகையில் படம் வந்தது, சரி, அப்புறம்? விதையை வீட்டில் எடுத்து வைப்பவர் இங்கே எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம். ...ஏழு பேர். முள் இருந்தால் காய்ப்புழு வராது என்று நான் சொல்ல மாட்டேன், வரும். ஆனால் எந்தச் செடி புழுவைத் தாங்கி நின்று காய்த்தது என்று பார்த்து அதிலேயே விதைக்கு விட்டவர்கள் நம்ம பாட்டிமார்கள். நாற்றுப்பண்ணைக்காரர் அதைப் பார்ப்பாரா?

வாசலில் மேஜை போட்டுப் பொட்டலம் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று. சாம்பல் கலந்த விதை, அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள். அடுத்த வருஷம் இரண்டு பொட்டலமாகத் திருப்பித் தர வேண்டும், பேர் எழுதிக்கொள்ள நோட்டும் இருக்கிறது. சாலிசிலிக் அமிலம் பாக்கி. தலைவர் அய்யா இரண்டாம் தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.