மரத்தடிப் பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

2018-க்கு முன்பு பொறியியல் கவுன்சலிங் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகவேண்டும். வெளியூர்க் குடும்பங்கள் விடியற்காலையிலேயே வந்து இறங்கி மரத்தடியில் காத்திருக்கும். "அந்தக் காலேஜில் ஹாஸ்டல் எப்படிங்க?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள். கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்ததும் செலவும் அலைச்சலும் மிச்சமாயின. பெரிய நன்மைதான். ஆனால் அந்த மரத்தடிப் பேச்சும் கூடவே போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் எங்கள் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். முதல் வருஷம் அறிவிப்புகளை அள்ளிப் போட்டோம். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் மதிப்பெண் என்று விளக்கினோம். பிள்ளைகள் கட்டைவிரல் காட்டியதோடு சரி.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவி எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "அக்கா, காலேஜ்ல எல்லாமே இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களா? எனக்குப் புரியுமா?" அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயர் இல்லாமல் குழுவில் போட்டேன். எங்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அப்போது கல்லூரியில் முதலாமாண்டில் இருந்த பெண் குரல் பதிவில் பதில் சொன்னாள். முதல் மாதம் வகுப்பில் எதுவும் பிடிபடாமல் ஹாஸ்டலில் அழுததையும், தோழியின் நோட்டைப் பார்த்துப் பாடத்தைப் பிடித்ததையும் மறைக்காமல் சொன்னாள். பின்னணியில் ஹாஸ்டல் பாத்திரச் சத்தம்கூடக் கேட்டது. அதற்கப்புறம்தான் குழு வாய் திறந்தது.

அன்றிலிருந்து கேள்விகள் எங்களுக்குத் தனியாக வரும், பெயர் இல்லாமல் குழுவுக்குப் போகும். பதில் சொல்வதற்கு வேலையில் இருக்கும் எங்களைவிட, போன வருஷம் சேர்ந்தவர்களே சரியான ஆட்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும் என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியும் பெற்றோர் நம்பவில்லை. அப்படிச் சேர்ந்த பையன் ஒருவன், "எங்கப்பா ஃபீஸ் கட்டலை" என்று சொன்னதும் நம்பினார்கள். கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்டில், கிடைக்கும் என்று நினைப்பதை அல்ல, பிடித்ததை முதலில் போடவேண்டும் என்பதும் போன வருஷம் சேர்ந்தவர்கள் சொன்னால்தான் ஏறுகிறது.

நீங்களும் இப்படி ஒரு குழு தொடங்கினால், யாரைச் சேர்ப்பது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு வருஷம் ஒரு அட்மிஷன் புரோக்கர் பெற்றோர் போல உள்ளே வந்து, குழுவிலிருந்த எண்களை எடுத்து வீடு வீடாக போன் செய்துவிட்டார். அதிலிருந்து, பள்ளியில் விசாரித்த பிறகே யாரையும் சேர்க்கிறோம். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் குழு வைத்திருக்கிறோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உங்கள் பழைய பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் எண்ணை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.