கட்டணம் நின்றால் புல் நிற்குமா?

நடுவர் அவர்களே, சால்வையும் குல்லாவுமாக, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

'மலைநாட்டில் ஒரு சின்ன கொல்ஃப் கழகம் பிழைத்திருப்பது காசாலா, கையாலா?' இதுதான் தலைப்பு. கையால்தான் என்கிறது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் உறுப்பினர் சந்தா, வெளிநாட்டுக்காரர் கட்டும் கட்டணம், கல்யாண வாடகை, பார் வருமானம் என்று நான்கு விரலை மடக்கிக் காட்டினார். பெருவிரலை விட்டுவிட்டார். அது இல்லாமல் மட்டையைப் பிடிக்க முடியாது. தேயிலைக் கொழுந்தும் பறிக்க முடியாது.

பார் வருமானத்தை நான் மறுக்கவில்லை. கொல்ஃப் ஆட்டத்துக்குக் குழி பதினெட்டு; ஆடி முடித்துப் போகும் பாரைப் 'பத்தொன்பதாவது குழி' என்பார்கள். குறி தவறாத ஒரே குழி அதுதான்! சரி, அதை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் சந்தாவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இலங்கை மலைநாட்டில், நம் நுவரெலியாவில் கொல்ஃப் கழகம் தொடங்கியது 1889 இல். துரைமார் காலம். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. இருந்த வெள்ளைத் துரைமாரும் பெட்டியைக் கட்டினார்கள். சந்தா கட்டியவர் போய்விட்டார். அவருடைய மட்டைப் பையைத் தூக்கியவர்? அவர் இங்கேதான் இருந்தார். (எல்லோரும் இருக்கவில்லை என்பதும் உண்மை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் எத்தனை குடும்பத்தை இந்தியாவின் மண்டபம் முகாமுக்கு அனுப்பியது என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

எங்கள் சித்தப்பா கெடியாக, அதாவது ஆடுபவரின் பை தூக்குகிறவராக, வேலை பார்த்தவர். கிறீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்தில், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆடுபவர் குனிந்து, மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருப்பார். சித்தப்பா நின்ற இடத்திலிருந்தே, "சேர், இடது பக்கம் ரெண்டு சாண்" என்பார். எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "மழை பெய்யும்போது தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்திருக்கேன்" என்றார். அந்த மழையில் ஆட யாரும் வரவில்லை. சித்தப்பாவுக்கு அன்றைக்குக் கூலியும் இல்லை. ஆனால் அன்று பார்த்த பார்வைதான் வெயில் நாளில் கழகத்துக்குப் பேர் வாங்கித் தந்தது.

தை மாசிப் பனியைச் சொல்கிறேன். விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதன்மேல் மிதித்தால் புல் ஒடிந்து, கால் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். வெயில் ஏறும்வரை யாரையும் உள்ளே விடாமல் தடுப்பது யார்? சந்தா ரசீதா?

இனி அண்மைக்காலம். 2019 ஏப்ரல், சீசன் நேரத்திலேயே குண்டு வெடித்தது, விருந்தினர் நின்றுபோனார்கள். 2020 இல் ஊரடங்கு. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை. தேயிலை வாடியதைப் பார்த்தோமே, கிறீன் மட்டும் தப்புமா? 2022 இல் பெற்றோல் வரிசை; கொழும்பிலிருந்து யார் மலை ஏறுவார்? எதிரணி மடக்கிய விரல்களில் எது அன்று நிமிர்ந்து நின்றது? நடுவர் அவர்களே, கட்டணம் நின்றாலும் புல் வளர்வது நிற்காது. கிறீனில் புல் சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் அது கிறீன் இல்லை, மாட்டுத் தீவனம்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்கொட்லாந்தில் தென் யூயிஸ்ட் தீவில் அஸ்கர்னிஷ் என்றொரு மைதானம். 1891 இல் போட்டது, பிறகு பல காலம் மண்மூடிக் கிடந்தது. 2006 இல் தீவு நிலத்தை ஊர்மக்களே சேர்ந்து வாங்கினார்கள். 2008 இல் மைதானம் மறுபடி திறந்தது. குளிர்காலத்தில் அங்கே ஊர் மாடு மேய்கிறது. அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் கூபர் பீடி என்று ஓர் ஊர். சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே அதுதான். அங்கே மைதானத்தில் புல்லே கிடையாது. ஆடுபவர் ஒரு துண்டுப் புல்விரிப்பைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார். புல்லுக்குச் செலவு இல்லை, தண்ணீருக்கும் செலவு இல்லை. காசைக் கொட்டாமலும் மைதானம் நடக்கும் என்பதற்குத்தான் இந்த இரண்டையும் சொன்னேன்.

"அந்தக் கைக்கும் காசுதானே கொடுக்கிறார்கள்?" என்று எதிரணி கேட்கும். அதோ, இப்போதே எழுதிக்கொள்கிறார்கள். கொடுக்கிறார்கள். எவ்வளவு? கெடிக்கு ஆட்டம் நடந்தால் கூலி, நடக்காவிட்டால் இல்லை. 2021 இல் தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1000 ரூபாய் கிடைக்க எத்தனை வருடம் கத்தினோம்! அந்த நிலையில் இருக்கும் ஊரில்தான் கழகத்துக்குப் புல்வெட்டவும் பை தூக்கவும் ஆள் கிடைக்கிறது. நியாயமாகக் கொடுத்திருக்க வேண்டிய கூலிக்கும் கொடுத்த கூலிக்கும் நடுவே ஒரு தொகை இருக்கிறதே, அதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. பல வருடமாகக் கழகத்தைத் தாங்கியது அந்தத் தொகைதான். அது உறுப்பினர் போட்ட காசு இல்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டு அடுப்பில் எரியாமல்போன விறகு.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஆடி மாதத்தில், ஒருவர்கூட ஆட வராத காலையில், கிறீனில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டது எந்தச் சந்தா?