மேட்டில் கொதிக்கிறது, சமதளத்தில் ஆறிவிடுகிறது: லாரி ஃபேன் கிளட்ச்சைச் சோதிப்பது எப்படி?

ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே வைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் லோடு ஏற்றி ஓசூர் பக்கம் கிளம்புகிறீர்கள். சூளகிரி ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. ரோடு சமமாகி வண்டி வேகம் பிடித்ததும் தானாக இறங்கிவிடுகிறது. பட்டறையில் ஒருவர் ரேடியேட்டர் அடைப்பு என்பார், இன்னொருவர் ஹெட் கேஸ்கட் என்பார். இரண்டுமே பெரிய செலவு. ஆனால் இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேன் கிளட்ச்சை, அதாவது ஃபேனை இன்ஜினோடு சேர்த்தும் பிரித்தும் விடும் வட்டை. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், மேட்டில் மெதுவாக ஏறும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும்.

[திரையில்: ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன், அதன் நடுவில் வரிவரியான அலுமினிய வட்டு]

பழைய லாரிகளில் ஃபேன் இன்ஜினோடு நேரடியாகச் சுற்றும். வேண்டிய நேரத்தில் மட்டும் சுற்றவே இந்தக் கிளட்ச் வந்தது. வரலாறு அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். இந்த வட்டுக்குள் ஒன்றோடொன்று உரசிப் பிடிக்கும் பிளேட் எதுவும் கிடையாது. இருப்பது கெட்டியான சிலிக்கோன் ஆயில் மட்டும். ஆயில் எப்படி இவ்வளவு பெரிய ஃபேனை இழுக்கும்? நம் ஊரில் ராகிக் களி கிண்டுவதைக் கவனியுங்கள். பானையில் வெறும் தண்ணீர் இருக்கும்போது துடுப்பைச் சுற்றினால் பானை அசையாது. களி இறுகிவிட்டால் துடுப்போடு பானையும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதற்காகத்தானே பானையைக் கவைக்கோல் போட்டு அழுத்திப் பிடிக்கிறோம்! இங்கே துடுப்பு இன்ஜின், பானை ஃபேன், களி ஆயில். கவைக்கோல் மட்டும் இல்லை, அதனால் பானை ஜோராகச் சுற்றுகிறது. ஒரு வித்தியாசம்: கிளட்ச்சில் ஆயில் இறுகுவதில்லை, உள்ளே வரும் அளவுதான் கூடும், குறையும். வட்டின் முகப்பில் ஒரு சுருள் பட்டை இருக்கிறது பாருங்கள், சூடு பட்டால் வளையும் இரட்டை உலோகம். அது வளைந்து வால்வைத் திறந்தால் ஆயில் வேலை செய்யும் அறைக்குள் வரும், ஃபேன் பிடிக்கும். ஆறினால் ஆயில் திரும்பிப் போய்விடும், ஃபேன் சும்மா மெதுவாக உருளும்.

அந்தப் பட்டைக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூடுதான் தெரியும். ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் உள்ளே கொதிக்கும், ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும், ஃபேன் பேசாமல் இருக்கும். பழி கிளட்ச் மேல் விழும்! அதனால் சூடு ஏறும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பக்கம் வெப்பம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள், முகம் போய்விடும்.

சரி, சோதனைக்கு வருவோம். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது ஃபேனைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல கிளட்ச் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, சீக்கிரம் நின்றுவிடும். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் போய்விட்டது. கைக்கு அசையவே மாட்டேன் என்றால் இறுகிவிட்டது. அடுத்து இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தடதடவென்று ஆடினால் பேரிங். நடுவிலிருந்து வெளிப்பக்கம் கோடு கோடாகக் கருப்புப் பிசுக்கு தெறித்திருந்தால் அது கசிந்த சிலிக்கோன். அந்த ஆயில் காய்வதில்லை, தூசியைப் பிடித்துவைத்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

ஓடும் ஃபேனில் செய்தித்தாளைச் சுருட்டி நுழைத்து நிறுத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சத்தத்தைக் கேட்டாலே போதும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நிமிடம் உறுமிவிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம், ராத்திரி நின்றபோது உள்ளே தங்கிய ஆயில் அது. மேட்டில் முள் ஏறும்போது திடீரென்று ஒரு "ஹோ" என்று உறுமல் வர வேண்டும். வராவிட்டால் பிடிக்கவில்லை. எந்நேரமும் உறுமினால் விடவில்லை.

இந்த இரண்டாவது கோளாறுதான் கள்ளன். வண்டி சூடாவதே இல்லை, அதனால் யாரும் பட்டறைக்குப் போவதில்லை. ஆனால் ஃபேனின் வேகம் 2 மடங்கானால் அது தின்னும் சக்தி 8 மடங்கு. 4-ல் ஒரு பங்கு வேகத்தில் உருண்டுகொண்டிருந்தால் 64-ல் ஒரு பங்குதான் தின்னும்! பூட்டிக்கொண்ட கிளட்ச் டீசலை எங்கே கொண்டுபோகிறது என்று புரிகிறதா? மைலேஜ் குறைந்தால் டிரைவரைத் திட்டும் ஓனர்களே, இந்த இடத்தை இரண்டு முறை பாருங்கள்.

ஃபேனுக்கு ஒயர் போகிறதென்றால் அது எலெக்ட்ரானிக் கிளட்ச். கசிவு, பேரிங் சோதனை அதற்கும் பொருந்தும், மற்றது ஸ்கேனர் வேலை.

நடுவழியில் பிடிக்காமல் போனால்? சில கிளட்ச்களில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் சேர்த்துப் பூட்ட போல்ட் வைக்கும் இடம் இருக்கும். பூட்டி மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். புதிது வாங்கினால் மாட்டும்வரை செங்குத்தாகவே நிறுத்தி வையுங்கள், படுக்கப் போட்டால் ஆயில் இடம் மாறிவிடும். தொப்பூர் ஏற்றத்தில் உங்கள் வண்டி ஃபேன் உறுமுகிறதா இல்லையா, கமெண்டில் சொல்லுங்கள். வண்டி மாடலையும் எழுதுங்கள், அப்போதுதான் பதில் சொல்ல வசதி.