மஞ்சள் பூசும் முன்

தலைவர் அவர்களே, குடியிருப்போர் நலச் சங்கங்களிலிருந்தும் சுற்றுவட்டார ஊராட்சிகளிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஒரு நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை உரிமையாளரின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாராகும் முழுமைத் திட்டமும் தீர்மானிக்கிறது. அதன் வரைபடத்தில் மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை வேளாண்மை. பட்டா யார் பெயரில் இருந்தாலும், அந்தப் புல எண்ணின் (சர்வே எண்) மீது விழுந்த நிறத்தைப் பார்த்துத்தான் கட்டட அனுமதி தருவார்கள். சென்னைப் பெருநகரில் 1189 சதுர கிலோமீட்டருக்கு 2026 வரை இவ்வாறு நிறம் தீட்டியது, 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம்.

இப்படிப்பட்ட திட்டத்தில் பொதுமக்களின் இடம் எது? திட்டத்தைத் தயாரிக்கும் அரசு அமைப்பான குழுமம் நிலப் பயன்பாட்டைக் கணக்கெடுத்து, வரைவு எழுதி, அரசின் இசைவு பெற்ற பிறகே அறிவிப்பு வெளிவரும். ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. அதன் பின் திருத்தங்களோடு வரைவு அரசின் ஒப்புதலுக்குச் செல்லும். அதாவது, சட்டம் நம்மைக் கூப்பிடும்போது வரைபடத்தில் நிறம் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

என் மனக்குறை இங்கேதான். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஏரியில் நீர் தேங்கும் உள்வாய் வெறுந்தரையாகவும், வயல்களின் ஊடே ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெறும் முட்புதராகவும் தெரியும். ஐப்பசியில் தண்ணீர் எந்த வழியாக வரும், உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்பதெல்லாம் மதகு திறந்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் தெரியும். கணக்கெடுப்புப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பயனற்ற தரிசாகக் கருதப்பட்டு, ஒருபக்கம் குப்பை மேடாகவும் மறுபக்கம் கட்டடங்களாகவும் சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022இல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில், மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக, வரைவுக்கு முன்பாகவே மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், அது வரவேற்கத்தக்கது. ஆனால் ‘எப்படிப்பட்ட நகரம் வேண்டும்?’ என்று கேட்பது வேறு, ‘இந்தப் புல எண்ணில் மழைக்காலத்தில் என்ன இருக்கும்?’ என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வியைக் கிராம சபையில், கணக்கெடுப்பு நடக்கும்போதே கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரை கையில் இருக்கும் இரண்டு மாதங்களையாவது வீணாக்காமல் இருப்போம். ‘எங்கள் ஊரின் பசுமையைக் காக்க வேண்டும்’ என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு, வரைவு காட்டும் பயன்பாடு, தரையில் உண்மையில் இருக்கும் பயன்பாடு, புலப்பட நகல், மழைக்காலத்தில் எடுத்த ஒரு புகைப்படம் ஆகியவற்றோடு ஒருவர் தரும் ஒற்றைப் பக்கம் வலுவானது. அதை மறுக்க வேண்டுமானால் அலுவலர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. ஆகவே அந்த வேண்டுகோளை ஆட்சேபணையின் முடிவிலேயே எழுதிவிட்டு, ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். புல எண்ணோடு கேட்டால் வரைபடத்தில் பார்த்தே பேசிவிடலாம்.