சின்னம் அணிந்தவர் முதலில் குனியட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெற்றோரே, பழைய மாணவர்களே, முன்னால் பாயில் இருக்கிற சின்னப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கப் பாடசாலையில் மூத்த மாணவரின் தலைமைக்குப் பலம் தருவது கண்டிப்பா, பணிவிடையா என்பது இன்றைய கேள்வி. பணிவிடையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்கள் சொன்னார். இத்தனை பிள்ளைகள் உள்ள பாடசாலையை அதட்டாமல் நடத்த முடியாது என்றார். மாணவத் தலைவன் சின்னவர்களுக்கு வேலை செய்யத் தொடங்கினால் அவனை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்டார். நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். எதிரணியின் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மரியாதை போய்விடும் என்கிற பயம் இயேசுவின் சீடர் பேதுருவுக்கும் இருந்தது. யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீடர்களின் காலைக் கழுவுகிறார். புழுதித் தெருவில் நடந்து வந்தவர்களின் கால். அந்தக் காலத்தில் அது வீட்டு அடிமையின் வேலை. பேதுரு காலைக் கொடுக்க மறுக்கிறார். குருவுக்கு இது அழகில்லை என்று அவர் மனம் பதறுகிறது. இதுவரை நம் எல்லோருக்கும் தெரியும். கழுவி முடித்து மறுபடியும் பந்தியில் அமர்ந்த பிறகு இயேசு சொன்னதைத்தான் நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். "நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான், நான் அவர்தான்." நடுவர் அவர்களே, இதைக் கவனியுங்கள். குனிந்ததால் தன் இடம் போய்விட்டது என்று அவர் நினைக்கவில்லை. காலைக் கழுவிய கையோடுதான் தன் அதிகாரத்தையும் சொல்கிறார். அந்தக் கால்களில் யூதாசின் காலும் இருந்தது. அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே அதையும் கழுவினார். நல்ல பிள்ளைக்கு மட்டும் உதவுவேன், சொல்வழி கேளாதவனை வெயிலில் நிறுத்துவேன் என்கிற மாணவத் தலைவனுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் விழா நெருங்கும் நாட்களில் எனக்கு நினைவு வருவது மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரம். செபதேயுவின் மனைவி, மீன்பிடிக் குடும்பத்துத் தாய், இயேசுவின் சீடர்களான தன் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் கூட்டிக்கொண்டு வருகிறாள். உமது ஆட்சியில் ஒருவன் வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். மற்றப் பத்துச் சீடருக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்குக் காரணம் என்ன? அவர்களுக்கும் அந்த இடம் வேண்டும். நம் திருகோணமலையில், திருக்கடலூரிலும் பாலையூற்றிலும் உப்புவெளியிலும் இருக்கிற தாய்மாரே, உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்று கேட்காத தாய் எங்கே இருக்கிறாள்? ஆனால் இயேசு அந்தத் தாய்க்கு நாற்காலியைக் காட்டவில்லை. பெரியவனாக விரும்புகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்றார். பிள்ளைக்குத் தலைமைப் பதவி கேட்டு அதிபரிடம் போகிற பெற்றோர், அதோடு சேர்த்து இந்தத் தொண்டையும்தான் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இனி, அதட்டாமல் நடக்காது என்கிற முதலாவது வாதத்துக்கு வருகிறேன். ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். மணி 7.30. கேற் பூட்டியாயிற்று. தரம் 6 மாணவன் ஒருவன் மூச்சிரைக்க வந்து நிற்கிறான். மாணவத் தலைவன் கையில் பிந்தியவர் பெயர்க் கொப்பி இருக்கிறது. அவன் பெயரை எழுதத்தான் வேண்டும், ஒழுங்கு ஒழுங்குதான். அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டை இல்லை. பெயரை எழுதிய பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். ஒருவன் "முழங்காலில் நில்" என்கிறான். மற்றவன் "ஏன் தம்பி பிந்தினாய்?" என்று கேட்கிறான். மூதூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளையாக இருக்கலாம். தங்கச்சியைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வருகிறவனாக இருக்கலாம். அம்மா வெளிநாட்டில், காலையில் தேநீர் ஊற்றிக் கொடுக்க வீட்டில் ஆளில்லாத பிள்ளையாகவும் இருக்கலாம். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளில் சாப்பிடாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். கேட்டறிந்த மாணவத் தலைவன் வகுப்பாசிரியரிடம் போய்ச் சொல்கிறான். அடுத்த கிழமை அந்தப் பெயர் கொப்பியில் வராமல் போக வழி பிறக்கிறது. முழங்காலில் நிறுத்தியவனுடைய கொப்பியில் அதே பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சரி, இப்போது சொல்லுங்கள், ஒழுங்கைக் காப்பாற்றியவன் யார்?

அதட்டலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது அடுத்தவனுக்குக் கைமாறும். "நாங்களும் பட்டனாங்கள்தானே, இவங்களும் படட்டும்" என்ற பேச்சை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தரம் 6இல் அண்ணாமாரின் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கியவன் தரம் 12இல் தன் போத்தலைத் தூக்க ஒரு சின்னவனைத் தேடுகிறான். அப்புறம் அவன் பல்கலைக்கழகம் போகிறான். அங்கே அதற்குப் பெயர் பகிடிவதை. நம் இலங்கையில் அதைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பகிடிவதை ஒழியவில்லை. உயிர்கள் போயிருக்கின்றன, படிப்பைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஒரே இரவில் வந்திருக்க முடியுமா? சின்னவன் எனக்குக் கீழே என்று முதலில் சொல்லிக் கொடுத்தது எந்த முற்றம்? எதிரணி இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்டுத் தலைமை என்ற எண்ணத்தை 1970இல் ஒரு கட்டுரை வழியாக நிர்வாக உலகத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கரான ரொபர்ட் கிரீன்லீஃப். அவர் கத்தோலிக்கர் அல்ல, குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். பல்லாண்டுகள் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்தவர். தலைவனை அளக்க அவர் வைத்த அளவு இது: பணிவிடை பெற்றவர்கள் வளர்கிறார்களா? அவர்களும் பிறருக்குப் பணிசெய்யக் கூடியவர்களாக மாறுகிறார்களா? ஆகக் கீழே இருப்பவனுக்கு இதனால் நன்மையா, இல்லையா? சின்னவர்களுக்கு வேலை செய்து கொடுத்தால் அவர்கள் சோம்பேறிகளாவார்கள் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னாரே, அதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. சின்னவன் செய்ய வேண்டிய வேலையை அண்ணா தூக்கிக்கொள்வது பணிவிடை ஆகாது. அவன் தானே செய்யப் பழகும்வரை பக்கத்தில் நிற்பதுதான் பணிவிடை.

பாடசாலைப் பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். இல்லத்தை அலங்கரிக்கத் தென்னோலை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் தரம் 7, 8 பிள்ளைகள். மூத்தவர்கள் நிழலில் நின்று கட்டளை போடுகிற இல்லங்களைக் கண்டிருக்கிறேன். மூத்தவர்கள் முதல் ஆளாக ஓலை இழுத்து, போட்டி முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்று கூடாரம் கழற்றி, குப்பை பொறுக்கிய இல்லங்களையும் கண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது இல்லத்தில் அடுத்த வருடம் சின்னவர்களைக் கூப்பிடத் தேவையில்லை, அவர்களாகவே வந்து நிற்கிறார்கள். அண்ணாவோ அக்காவோ ஒரு சொல் சொன்னால் அது நடக்கிறது. எதிரணி தேடுகிற மரியாதை அங்கே இருக்கிறது.

நம் கிழக்கு மண்ணிலேயே ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். கண்டிப்பில்லாமல் ஒரு விளையாட்டைப் பழக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு எதற்காக என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். போரில் ஊரே பற்றி எரிந்த நாட்களில் வெளிநாட்டவரான அவர் போயிருக்கலாம், போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். தங்களை விட்டுப் போகாத ஒருவரிடம் விளையாட்டுப் பழகிய பிள்ளைகள் எதை முன்மாதிரியாகக் கொள்வார்கள்?

எதிரணி கத்தோலிக்கப் பாடசாலை என்ற சொல்லைப் பல தடவை சொல்லியது. 1960இன் சட்டத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. இன்று பாடத்திட்டம் அரசினுடையது, சம்பளம் அரசினுடையது. வகுப்பில் இந்துப் பிள்ளையும் இருக்கிறாள், முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறான், மாணவத் தலைவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அங்கே கத்தோலிக்கம் எதில் மிச்சம் இருக்கிறது? வாசலில் இருக்கிற சுருவத்திலும் காலைச் செபத்திலும் மட்டுமா? புதிதாக வந்த பிள்ளைக்கு வகுப்பறை தெரியாமல் நிற்கும்போது, எந்தச் சமயம் என்று கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற அக்காவிடம் அது மிச்சம் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 19ஆம் திகதி, புனித சூசையப்பர் திருநாளன்று, பணியைத் தொடங்கும் திருப்பலியில் உண்மையான அதிகாரம் பணிவிடையே என்றார். அடுத்த வாரமே, இயேசு சீடரின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, ரோமில் இளம் கைதிகள் இருந்த சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள்.

நேரமில்லை என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேற்றில் நிற்கிற நேரம் எப்படியும் செலவாகிற நேரம்தான். அதட்டவும் அதே ஐந்து நிமிடம், விசாரிக்கவும் அதே ஐந்து நிமிடம்.

நடுவர் அவர்களே, தீர்ப்போடு சேர்த்து அதிபர்மாருக்கு ஒரு பரிந்துரையும் செய்யுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த வருடம் மாணவத் தலைவர்களைத் தெரிவு செய்யும்போது ஆசிரியர்களின் புள்ளிகளோடு நிற்க வேண்டாம். தரம் 6 பிள்ளைகளிடம் கேளுங்கள், முற்றம் கூட்டுகிற அம்மாவிடம் கேளுங்கள், கன்ரீனில் பணிஸ் விற்கிறவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயரையும் பார்த்துவிட்டுச் சின்னத்தைக் குத்துங்கள். நன்றி, வணக்கம்.