போன்ல மட்டும் ஆபீஸ் மெயில் வரலையா? எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் சோதனை: சந்தேகங்களுக்கு விளக்கம்

இன்னிக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். எக்ஸ்சேஞ்ச்னா மைக்ரோசாஃப்டோட மெயில் சர்வர், ஆக்டிவ்சிங்க்னா அதுலேர்ந்து போனுக்கு மெயில் கொண்டு வர்ற வழிமுறை. அப்படியே வாசிக்கிறேன். "எங்க ஆபீஸ்ல எக்ஸ்சேஞ்ச் 2019 சர்வரை நாங்களே வச்சு நடத்துறோம். 120 மெயில்பாக்ஸ். கம்ப்யூட்டர்ல அவுட்லுக் ஒழுங்கா ஓடுது. போன்ல மட்டும்தான் பிரச்சனை. ரெண்டு மூணு பேருக்கு மெயில் வரவே மாட்டேங்குது. நிறைய பேருக்கு அரை மணி நேரம் லேட்டா வருது. ஐஐஎஸ் ரீசெட் போட்டா எல்லாம் உடனே வந்து விழுது, கொஞ்ச நேரத்துல மறுபடியும் அதேதான். எந்த டூல்ல ஆரம்பிக்கணும்?"

நல்லா கவனிச்சு எழுதியிருக்கீங்க. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது ஒரு பிரச்சனை இல்ல, ரெண்டு. "வரவே இல்ல"ங்கிறது வேற, "லேட்டா வருது"ங்கிறது வேற. ரெண்டையும் சேர்த்துத் தேடினீங்கன்னா ஒரு டூல் சொல்றது இன்னொண்ணுக்குப் பொருந்தாது, குழப்பம்தான் மிஞ்சும். ஐஐஎஸ் ரீசெட், அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு அடியில ஓடுற விண்டோஸ் வெப் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விடறது, அதைப் போட்டா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுக்குள்ளதான் ரெண்டாவதோட பதில் இருக்கு. கடைசில அதுக்கு வரேன். அதுவரைக்கும் ரீசெட் போடாதீங்க. வெப்ல மெயில் எழுதிட்டிருக்கிறவங்க, அவுட்லுக்ல இருக்கிறவங்க எல்லாரோட இணைப்பும் அதுல அறுந்து போகுது.

வரவே வராதவங்களை முதல்ல பார்ப்போம். போனைக் கையில வாங்கி அக்கவுண்ட்டை அழிச்சுத் திரும்பப் போடறதுதான் பழக்கம். அதைப் பண்ண வேணாம், தடயமெல்லாம் போயிடும். சர்வர்ல எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மென்ட் ஷெல்லைத் திறந்து, கெட்-மொபைல்டிவைஸ்ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்புறம் ஹைஃபன் மெயில்பாக்ஸ், அவரோட பேர். கெட்டுக்கு அப்புறம் ஒரு ஹைஃபன், மீதியெல்லாம் இடைவெளி இல்லாம ஒரே சொல். கடைசியில பைப் போட்டு ஃபார்மேட்-லிஸ்ட் குடுங்க. வர்றதுல ரெண்டு வரி போதும். லாஸ்ட்சிங்க்அட்டெம்ப்ட்டைம், லாஸ்ட்சக்சஸ்சிங்க். போன் கடைசியா எப்போ கதவைத் தட்டிச்சு, கடைசியா எப்போ உள்ள வந்துச்சு, அவ்வளவுதான்.

ரெண்டுமே நாலு நாளைக்கு முந்தின தேதியா இருந்தா, போன் சர்வர் வரைக்கும் வந்து சேரவே இல்ல. நெட்வொர்க், சர்வர் பேரை ஐபி முகவரியா மாத்துற டிஎன்எஸ், சர்டிஃபிகேட்னு வழியில தேடணும். அட்டெம்ப்ட் இப்போ பத்து நிமிஷம் முந்தி, சக்சஸ் நாலு நாளைக்கு முந்தின்னு இருந்தா, வழி சரியா இருக்கு, உள்ளதான் தடுக்குது. அனுமதி, பாலிசி, இல்லன்னா மெயில்பாக்ஸ். லிஸ்ட்டே காலியா வந்தா அந்தப் போன் இன்னும் பதிவே ஆகல. இந்த ஒரு கமாண்ட் வேலையைப் பாதியாக் குறைச்சிடும். மத்த டூல் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை. மொபைல்டிவைஸ்னு முடியுற கமாண்ட்ல ரிமூவ் இருக்கு, கிளியரும் இருக்கு. ரிமூவ் போட்டா சர்வர்ல இருக்கிற பதிவு மட்டும் போகும். கிளியர் போட்டா போனையே துடைச்சிடும். அவரோட போட்டோ, காண்டாக்ட் எல்லாமே போயிடும். சோதனை பண்ற நேரத்துல கிளியரைத் தொடவே கூடாது.

போன் வந்து சேரலைன்னு தெரிஞ்சா, சர்வர்லயே பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, மைக்ரோசாஃப்ட்-சர்வர்-ஆக்டிவ்சிங்க், சாய்கோடு, ஹெல்த்செக் டாட் ஹெச்டிஎம் போடுங்க. எக்ஸ்சேஞ்ச் 2013-லேர்ந்து இது இருக்கு. 200 ஓகேன்னும் கீழ சர்வர் பேரும் வந்தா ஆக்டிவ்சிங்க் உயிரோட இருக்கு. அடுத்து வைஃபையை அணைச்சிட்டு, போன்ல மொபைல் டேட்டாலேர்ந்து இதே முகவரியை உங்க வெளிப் பேரோட போடுங்க. உள்ள வந்து வெளியில வரலைன்னா ஃபயர்வால்ல 443 போர்ட், இல்லன்னா வெளி டிஎன்எஸ்.

டெஸ்ட்-ஆக்டிவ்சிங்க்கனெக்டிவிட்டின்னு ஒரு கமாண்ட் இருக்கு, நல்ல கமாண்ட். ஆப்ஷன்ஸ், ஃபோல்டர்சிங்க், பிங், டெஸ்ட் ஐட்டம்னு போன் பண்றதை எல்லாம் வரிசையாப் பண்ணிப் பார்க்கும். ஆனா அது ஓடுறது சர்வர்ல, உள்ளயே. எல்லாம் சக்சஸ்னு காட்டினாலும் உங்க ஃபயர்வாலைப் பத்தி ஒரு வார்த்தை கூட அதுக்குத் தெரியாது. வெளியிலேர்ந்து பார்க்க மைக்ரோசாஃப்ட் ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர்தான். பிரவுசர்லயே ஓடும். எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் டெஸ்ட்டைத் தேர்ந்தெடுங்க. இதுக்குன்னே ஒரு டெஸ்ட் மெயில்பாக்ஸ் உருவாக்கி அதோட பாஸ்வேர்டைக் குடுங்க, முடிஞ்சதும் மாத்திடுங்க. அட்மின் பாஸ்வேர்டைக் குடுக்கவே கூடாது. "சர்டிஃபிகேட் நம்பகத்தன்மையைப் பார்க்காதே"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணாதீங்க. நாம தேடுறதே அதைத்தான்.

சர்டிஃபிகேட்ல அடிக்கடி நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. உங்க சர்டிஃபிகேட்டை நம்பகமான ரூட் சர்டிஃபிகேட்டோட இணைக்கிற நடு சர்டிஃபிகேட், அதாவது இன்டர்மீடியட் சர்டிஃபிகேட், சர்வர்ல இருக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா, சர்டிஃபிகேட்டுக்குள்ள எழுதியிருக்கிற முகவரிக்குத் தானே போய் அந்த நடு சர்டிஃபிகேட்டை எடுத்துக்கும். ஆண்ட்ராய்டு அப்படிப் போய் எடுக்காது. அதனாலதான் கம்ப்யூட்டர்ல பூட்டுச் சின்னம் சரியா இருக்கும், போன் மட்டும் மறுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ் அண்டர்ஸ்கோர் கிளையன்ட் கமாண்ட்ல உங்க சர்வர் பேரும் 443-ம் குடுத்துப் பாருங்க. கடைசியில வெரிஃபை ரிட்டர்ன் கோட் 0 வந்தா சரி. 21 வந்தா பெரும்பாலும் இதுதான் காரணம். சர்வரோட கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ல, இன்டர்மீடியட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டிஸ்ங்கிற இடத்துல அதைச் சேருங்க. சர்வருக்கு முன்னாடி லோட் பேலன்சர், அதாவது வர்ற இணைப்பைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுக் குடுக்கிற கருவி இருந்து, அதுவே எஸ்எஸ்எல் குறியாக்கத்தைப் பிரிச்சா, அதுலயும் சேர்க்கணும். இதை மறந்துட்டு சர்வரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

இப்போ மெயில் வரவே வராததுலயே ரெண்டாவது வகை. போன் தட்டுது, சர்வர் உள்ள விட மாட்டேங்குது. உங்க கேள்வியில "ரெண்டு மூணு பேருக்கு"ன்னு இருக்கு. அந்த ரெண்டு மூணு பேரும் ஐடி டீமா, இல்ல எப்பவோ அட்மின் உரிமை வாங்கினவங்களான்னு பாருங்க. டொமைன் அட்மின்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் மாதிரி குழுவுல இருக்கிற அக்கவுண்ட்டுக்கு, ஆபீஸ் அக்கவுண்ட்டை எல்லாம் வச்சிருக்கிற ஆக்டிவ் டைரக்டரி தனிப் பாதுகாப்புப் போடும். 60 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, மேலேர்ந்து இறங்குற அனுமதியை, அதாவது இன்ஹெரிட்டன்ஸை, அணைச்சிட்டுப் போகும். எக்ஸ்சேஞ்ச் புதுப் போனைப் பதியும்போது அந்த யூசரோட அக்கவுண்ட்டுக்குக் கீழதான் ஒரு சின்ன கன்டெய்னர் உருவாக்கணும். அதுக்கு அனுமதி இருக்காது. பழைய போன்ல வந்துக்கிட்டே இருக்கும், புதுசு வாங்கினதும் நின்னு போகும். அப்ளிகேஷன் ஈவன்ட் லாக்ல 1053-ன்னு ஒரு ஈவன்ட் இருந்தா சந்தேகமே வேணாம்.

சரி பண்ண, ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்ல வியூ மெனுவுல அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸை ஆன் பண்ணி, அவரோட செக்யூரிட்டி டேப், அட்வான்ஸ்டு, எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ். ஆனா அவர் இன்னும் அந்தக் குழுவுலயே இருந்தா ஒரு மணி நேரத்துல திரும்ப அணைஞ்சிடும். குழுவுலேர்ந்து எடுத்துட்டாலும் இன்ஹெரிட்டன்ஸ் தானா திரும்பாது, நீங்கதான் ஆன் பண்ணணும். நிரந்தர வழி, அட்மின் வேலைக்கு மெயில்பாக்ஸ் இல்லாத தனி அக்கவுண்ட். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

1053 இல்லைன்னா கெட்-மொபைல்டிவைஸ்ல டிவைஸ்அக்சஸ்ஸ்டேட் பாருங்க. குவாரன்டைன்டுன்னு, அதாவது அட்மின் அனுமதிக்காக நிறுத்தி வச்சிருக்குன்னு இருந்தா, அனுமதி குடுத்தா முடிஞ்சது. அவுட்லுக் ஆப்ல மட்டும் வரல, போனோட சொந்த மெயில் ஆப்ல வருதுன்னா வேற காரணம். அவுட்லுக் ஆப் உங்க சர்வருக்கு நேரா வராது, மைக்ரோசாஃப்ட் கிளவுட் வழியாத்தான் வரும். ஃபயர்வால்ல வெளிநாட்டு ஐபியை எல்லாம் தடுத்து வச்சிருந்தா அது மட்டும் அடிபடும்.

அடுத்து லேட்டா வர்றது. இதுக்கு ஐஐஎஸ் லாக்தான். இனட்பப், லாக்ஸ், லாக்ஃபைல்ஸ், டபிள்யூ3எஸ்விசி1 ஃபோல்டர். திறக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம். ஒண்ணு, நேரம் யுடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும். நம்ம ஊர் காலை 10.15-க்கு நடந்தது லாக்ல 4.45. ஃபைலும் நம்ம நேரம் விடிகாலை 5.30-க்குத்தான் மாறும், அதனால அதுக்கு முன்னாடி நடந்தது நேத்து தேதி ஃபைல்ல இருக்கும். ரெண்டு, ஐஐஎஸ் லாக்கைக் கொஞ்சம் சேர்த்து வச்சுத்தான் எழுதும். இப்போ நடந்தது தெரியலைன்னா நெட்எஸ்ஹெச், ஹெச்டிடிபி, ஃப்ளஷ், லாக்பஃபர்னு போட்டா எழுதிடும். மூணு, ஒரு கோரிக்கை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அதோட வரி விழும்.

அந்த மூணாவதுதான் இங்க முக்கியம். ஆக்டிவ்சிங்க்ல பிங்னு ஒரு கமாண்ட். நெட்வொர்க்ல நாம போடுற பிங் இல்ல. போன் சர்வரைக் கூப்பிட்டு, "புது மெயில் வந்தா சொல்லு, நான் இத்தனை நேரம் லைன்ல இருக்கேன்"னு காத்திருக்கும். சர்வர் 60 வினாடிலேர்ந்து 3,540 வினாடி வரைக்கும் ஒத்துக்கும். அத்தனை நேரமும் அந்த இணைப்புல ஒரு பைட் கூட ஓடாது. ஃபயர்வால் பார்க்குது, அஞ்சு நிமிஷமா அசைவே இல்லையேன்னு இணைப்பைக் கணக்குலேர்ந்து எடுத்திடுது. போனுக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. மெயில் வந்ததும் சர்வர் செத்துப் போன லைன்ல பதில் சொல்லும். போன் தன் நேரம் முடிஞ்சு திரும்பக் கூப்பிடும்போதுதான் மெயில் இறங்கும். அதுதான் உங்க அரை மணி நேரம். ஐஐஎஸ் ரீசெட் போட்டா எல்லாப் போனும் புதுசாக் கூப்பிடுது, தேங்கினது எல்லாம் வந்து விழுது. அப்புறம் புது லைனையும் ஃபயர்வால் அதே மாதிரி வெட்டிடுது. ரீசெட் எதையும் சரி பண்ணல.

லாக்ல எப்படிப் பிடிக்கிறது? சிஎம்டி ஈக்வல்ஸ் பிங்னு இருக்கிற வரியை மட்டும் வடிகட்டுங்க. அதே வரியில டிவைஸ்ஐடி இருக்கும், ஒரே ஒரு போனை எடுத்துக்கோங்க. வரியோட கடைசியில ஸ்டேட்டஸ், சப்ஸ்டேட்டஸ், வின்32 ஸ்டேட்டஸ், கடைசி எண் டைம்-டேக்கன், மில்லிசெகண்டுல. 200, 0, 0-ன்னு வந்து டைம் 9,00,000 பக்கம் இருந்தா 15 நிமிஷம் நிம்மதியாக் காத்திருந்திருக்குன்னு அர்த்தம். வின்32 இடத்துல 64-ன்னு வரிசையா வந்தா, பதில் சொல்லப் போகும்போது மறுமுனையில ஆள் இல்ல. வேற வேற சிம், வேற வேற போன், எல்லாத்துக்கும் இப்படின்னா வெட்டுறது உங்க பக்கத்து ஃபயர்வால் இல்லன்னா லோட் பேலன்சர். ஒரே கம்பெனி சிம்முக்கு மட்டும்னா அவங்க நெட்வொர்க். ஸ்கிரீன் அணைஞ்ச நேரத்துல அந்தப் போன்லேர்ந்து பிங்கே வரலைன்னா ஆண்ட்ராய்டு பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வச்சிருக்கு. மெயில் ஆப்புக்கு விலக்கு குடுங்க.

ஈவன்ட் லாக்லயும் சாட்சி கிடைக்கும். ஈவன்ட் 1040. பிங்ல போன் கேட்கிற காத்திருப்பு நேரத்துக்குப் பேர்தான் ஹார்ட்பீட், கடைசி 200 ஹார்ட்பீட்டோட சராசரி 540 வினாடியோ அதுக்கும் கீழயோ இருந்தா சர்வரே எழுதி வைக்கும். இணைப்பு அறுந்துக்கிட்டே இருந்தா போன் தன் காத்திருப்பு நேரத்தைக் குறைச்சுக்கும், அடிக்கடி கூப்பிடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஃபயர்வால்ல எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கான 443 விதிக்கு மட்டும் ஐடில் டைம்அவுட்டை, அதாவது அசைவில்லாத இணைப்பை விட்டு வைக்கிற நேரத்தை, 30 நிமிஷம், 1,800 வினாடின்னு வைங்க. மொத்த ஃபயர்வாலுக்கும் மாத்த வேண்டியதில்ல. லோட் பேலன்சர்லயும் அதே அளவு. மாத்தினதும் அதே டிவைஸ்ஐடியை வச்சு அடுத்த நாள் லாக்கைத் திரும்பப் பாருங்க, 64 குறைஞ்சிருக்கணும்.

லாக்ல 401 பார்த்துப் பயந்துடாதீங்க. முதல்ல ஒரு 401, அடுத்து 200-ன்னா அது சாதாரணம். ஒரே போன்லேர்ந்து 401 மட்டுமே நிக்காம வந்தா, பழைய பாஸ்வேர்டோட எங்கயோ டிராயர்ல ஒரு பழைய போன் கிடக்குது. அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகுறதுக்கும் அதுவே காரணமா இருக்கும். 449-ன்னா பின் நம்பர் பாலிசியை யூசர் இன்னும் ஏத்துக்கல.

இத்தனைக்கும் பிடிபடாத ஒருத்தர் இருந்தா மட்டும் மெயில்பாக்ஸ் லாக். செட்-காஸ்மெயில்பாக்ஸ்ல ஆக்டிவ்சிங்க்டீபக்லாகிங்கை ட்ரூ ஆக்குங்க. போன்ல ஒரு தடவை சிங்க் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் முதல்ல சொன்ன ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கமாண்ட்லயே கெட்மெயில்பாக்ஸ்லாக்கை ட்ரூன்னு குடுத்து, எந்த மெயில் ஐடிக்கு வரணும்னும் குடுத்தா, போன் கேட்டதும் சர்வர் சொன்னதும் எக்ஸ்எம்எல்லா வரும். சிங்க் பதில்ல ஸ்டேட்டஸ் 1 சரி. 3 திரும்பத் திரும்ப வந்தா சிங்க் கீ, அதாவது எதுவரைக்கும் சிங்க் ஆச்சுன்னு ரெண்டு பக்கமும் வச்சிருக்கிற அடையாளம், ஒத்துப்போகல, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அந்தப் போனோட பதிவை ரிமூவ் பண்ணி, அக்கவுண்ட்டைப் புதுசாப் போடறதுக்கு இதுதான் சரியான நேரம். அந்த லாக்ல ஒருத்தரோட மெயில் விவரமெல்லாம் இருக்கும், அவர்கிட்ட சொல்லிட்டு எடுங்க, வேலை முடிஞ்சதும் லாகிங்கை ஃபால்ஸ் ஆக்கிடுங்க.

எக்ஸ்சேஞ்ச் 2019-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சுங்கிறதையும் நிர்வாகத்துகிட்ட சொல்லி வைங்க. அதுக்கு அடுத்து வந்த எக்ஸ்சேஞ்ச் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறினாலும் ஆக்டிவ்சிங்க் சோதனை இதே வரிசைதான். ஃபயர்வால் டைம்அவுட்டை மாத்தினதுக்கு அப்புறமும் 64 வந்தா, பேரும் ஐபியும் அழிச்சிட்டு பத்து பிங் வரி அனுப்புங்க, அடுத்த வீடியோவுல வரி வரியாப் பார்க்கலாம்.