கம்போஸ்ட் தொட்டி ஏன் புளிச்சு நாறுது? உள்ள யார் வேலை செய்றாங்கன்னு பாப்போம்

வணக்கம் மக்களே. வீட்டுல கம்போஸ்ட் போட ஆரம்பிச்சவங்க நிறைய பேர் பாதியில விட்டுடறதுக்குக் காரணம் நாத்தம்தான். அது எதனால வருதுன்னு புரிஞ்சா, சீக்கிரமா உரம் எடுக்குற வழியும் புரிஞ்சிரும்.

(திரையில: மிச்ச சோறு, பழத்தோல், வாளி)

நம்ம சமையலறை குப்பையில மாவுச்சத்து, சர்க்கரை, தண்ணி எல்லாமே ஜாஸ்தி. இத முதல்ல புடிக்கிறது லாக்டிக் ஆசிட் பாக்டீரியா, அதாங்க இட்லி மாவ புளிக்க வைக்குற அதே கூட்டம். அதுங்க ஆசிட்ட விட விட பிஹெச் (புளிப்ப அளக்குற எண், இது குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) 5-க்கும் கீழ போயிடும், அந்தப் புளிப்புல சூட்டுல வளர்ற பாக்டீரியா தலையெடுக்க முடியாது, குவியல் 40 டிகிரி கிட்டயே மாட்டிக்கும். வேகமான கம்போஸ்ட்னா இந்தக் கட்டத்த சட்டுனு தாண்டறதுதான், வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

எப்படி தாண்டறது? காத்து. ஆக்ஸிஜன் கிடைச்சா வேற பாக்டீரியா வந்து அந்த ஆசிட்டையே தின்னுடும், பிஹெச் ஏறும், சூடும் ஏறும். அதனாலதான் இடையில காத்து போக காஞ்ச எலை, மரத்தூள் கலக்கச் சொல்றோம், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கார்பன்ங்கிற விகிதமும் வந்துரும். கையில புழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது.

(திரையில: தெர்மாமீட்டர் ஏறுது)

45 தாண்டினதும் ஆளே மாறிடும். பேசில்லஸ், ஜியோபேசில்லஸ், தெர்மோபிஃபிடான்னு சூட்டுல வளர்ற பாக்டீரியால்லாம் வந்து நார், தோல்னு கடினமானத உடைக்கும். வெளிய இருந்து யாரும் சூடு பண்ணல, அத்தனையும் அதுங்க தின்னு மூச்சு விடுறதுல வர்ற சூடு, எனக்கு இன்னமும் ஆச்சரியமா இருக்குற விஷயம் இது! மூடின தொட்டியில 55 டிகிரி 3 நாள் நின்னா நோய்க்கிருமி பெரும்பாலும் காலி. ஆனா 65, 70-ன்னு போனா உழைக்கிற கூட்டமே சாக ஆரம்பிக்கும், அப்ப கிளறி விடணும். சின்ன வாளியில இவ்ளோ சூடு நிக்காது, வெளிய போயிடும், அதனால வாளி வச்சிருக்கவங்க அவசரப்படாதீங்க, மெதுவா ஆனாலும் உரம் வரும்.

கம்போஸ்ட்ட சீக்கிரமாக்கும்னு விக்கிற பவுடர காசு கொடுத்து வாங்கணுமான்னா, பழைய கம்போஸ்ட் ரெண்டு கை போட்டாலே போதும்ங்க, தேவையான கூட்டம் அதுலயே இருக்கு.

அப்புறம் 24 மணி நேரத்துல உரம்னு விக்கிற மெஷின். பெரும்பாலும் அது குப்பைய காயவச்சு அரைச்சுத் தருது, அவ்ளோதான். நனைச்சா திரும்ப அழுக ஆரம்பிக்கும், அத நேரா வேர்ல போட்டா செடி பாவம். நம்ம உரமும் சூடு ஆறினப்புறம் சில வாரம் சும்மா கிடக்கணும். கொஞ்சம் எடுத்து நனைச்சு கவர்ல கட்டி சில நாள் வைங்க, தொறக்கும்போது மண்வாசனை வந்தா செடிக்குப் போடலாம், புளிச்ச வாடை வந்தா திரும்ப தொட்டியிலயே கொட்டிருங்க.